பொங்கலைப் பார்த்த சாட்சி

சமீபத்தில் ஒரு லாரி விபத்தை என் கண்ணால் பார்த்தேன்.

அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். போலீஸிடம், மனைவியிடம், வாக்கிங் நண்பர்களிடம், வாட்ஸ்அப் குரூப்பில்...

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல பசி. சாலையின் எதிர்ப் பக்கம் இருந்த ஓட்டலில் காரை நிறுத்திவிட்டு, வாசல் டேபிளில் உட்கார்ந்தேன். பொங்கல் வந்தது. அடுத்த நிமிடம் — டமார்!

ஓடினேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை ஏற்றிய லாரி. அதன் முன்னால் பக்கவாட்டில் நசுங்கிய ஒரு கார். காரை ஓட்டி வந்தவருக்குக் கால் முறிந்திருந்தது. நல்லவேளை, உயிருக்கு ஆபத்தில்லை.

கூட்டம் கூடிவிட்டது. நம் ஊர்க் கூட்டத்துக்கென்று ஒரு சட்டம் உண்டே! சைக்கிளும் பைக்கும் மோதினால் பைக் மேல் தப்பு. பைக்கும் காரும் மோதினால் கார் மேல் தப்பு. லாரி போய் எதன் மேல் மோதினாலும், எது வந்து லாரி மேல் மோதினாலும் — லாரி மேல்தான் தப்பு. தர்ம அடிக்குப் பயந்து டிரைவர்கள் இறங்கி ஓடிவிடுவதும் இதனால்தான். இந்த டிரைவர் ஓடவில்லை. கார் கதவை நெம்பிக்கொண்டிருந்தார். பெயர் ஆரோக்கியசாமி. வானூர் பக்கம்.

"மெதுவாத்தான் வந்துக்கினு இருந்தேன் சார்! அவருதான் திடீர்னு குறுக்கால பூந்துட்டாரு!"

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். "யாராவது பாத்தீங்களா?"

கூட்டம் ஓரடி பின்னால் போனது. நான் ஓரடி முன்னால் போனேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் ஆயிற்றே!

"நான் பாத்தேன் சார். நூறுல வந்தான். பிரேக்கே அடிக்கல."

நூறு எங்கிருந்து வந்தது? சத்தியமாகத் தெரியாது. ரவுண்டாக இருந்தது, சொல்லிவிட்டேன். ஸ்டேஷனில் எழுதி நீட்டினார்கள். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து, சமூகக் கடமை ஆற்றிய திருப்தியில் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஸ்டேஷனிலிருந்து போன். போனால், வாசலில் ஆரோக்கியசாமியும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் நின்றிருந்தார்கள்.

"நூறுல வந்தாருன்னு சொன்ன சார் நீங்கதானா?" என்றார் ஸ்டெல்லா. "உங்க வார்த்தைய வச்சித்தான் கேஸே நிக்குதாம். லைசென்ஸ் போயிடும், ஜெயிலுக்கும் போவணும்னு சொல்றாங்க. அவருக்கு வேற தொழில் தெரியாது சார். நல்லா பாத்துட்டுதான சொன்னீங்க?"

"பாத்தேம்மா" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

உள்ளே 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர், லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். இளம் பெண். லாரியில் ஒரு கருவி இருக்கிறதாம். எந்த இடத்தில் என்ன வேகம், எப்போது பிரேக் என்று எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுமாம்.

"பாருங்க சார், நாற்பதைத் தாண்டல. இதோ, இங்க முழுசா பிரேக் அழுத்தியிருக்கார். லோடு வண்டி சார்... அழுத்தின எடத்துலயே நின்னுடுமா?"

அடுத்து ஒரு மேப் காட்டினார். பழைய விபத்துகள் எல்லாம் சிவப்புப் புள்ளிகள். ஓரிடத்தில் மட்டும் ஈ மொய்த்த மாதிரி இருந்தது.

"டிவைடர்ல ஒரு கேப் இருக்கு. இந்த ஓட்டலுக்கு வர்றவங்க யூ-டர்ன் வரைக்கும் போக சோம்பல்பட்டு, அதுல குறுக்கே பூந்துடறாங்க. இங்க லாரி மோதினது எல்லாமே அப்படித்தான். அதை அடைக்கச் சொல்லி எழுதியிருக்கோம்."

எனக்குப் பகீரென்றது. நான் மட்டும் எப்படி வந்தேனாம்? யூ-டர்ன் போட்டு வருவதற்குள் பொங்கல் தீர்ந்துவிட்டால்?

"லாரியில கேமராவும் இருக்கு" என்று வீடியோவை ஓடவிட்டார். சாலை. கேப்பிலிருந்து நுழையும் கார். திரை குலுங்குகிறது. இடது ஓரத்தில் ஓட்டல் வாசல். அங்கே ஒரு வழுக்கைத் தலை. சாலைக்கு முதுகு காட்டிக்கொண்டு, எழுந்து நின்று, செல்போனால் தட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறது.

"சார்... அந்தச் சொட்டை நீங்கதான?" என்றார் ஸ்டெல்லா.

நான்தான். அந்தப் பொங்கல் போட்டோவுக்கு ஃபேஸ்புக்கில் நல்ல லைக்ஸ் வேறு.

"ஏன் சார் அப்டி சொன்னீங்க?" என்று ஆரோக்கியசாமி கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கூனிக் குறுகிப்போனேன்.

சத்தம் கேட்டுத் திரும்பினேன். நசுங்கிய காரைப் பார்த்தேன். அதற்கு முன்னால் நடந்ததையும் பார்த்துவிட்டதாக நானே நம்பிவிட்டேன். இதில் கொடுமை, நான் பொய் சொல்வதாக எனக்கே தெரியாது! நம்மில் எத்தனை பேர் தினமும் இப்படிச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோம்? அந்தக் கருவிக்கு என்னைவிட அறிவு அதிகம் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பொங்கல் பிடிக்காது. அதனால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

புது வாக்குமூலம் எழுதினார்கள். 'சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். அதற்கு முன் எதையும் பார்க்கவில்லை.' பேனாவைத் திறந்தேன்.

"சார், இந்த வாட்டியாவது படிச்சிப் பாத்துட்டுப் போடுங்க" என்றார் ஸ்டெல்லா.

நியாயம்தானே? சட்டைப் பையைத் தடவினேன். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஸ்டெல்லாதான் படித்துக் காட்டினார். ஸ்டேஷனுக்கே கேட்கிற மாதிரி.