கரோலின் அளந்த சர்ச்

ஆம்பூரில் எங்கள் சர்ச்சை இடித்தே தீர வேண்டும் என்று கமிட்டியில் அதிகம் கத்தியவன் நான்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? நூறு வருஷக் கட்டடம். மழை பெய்தால் பாடகர் குழு குடையோடு நிற்கும். போதாக்குறைக்குத் தெற்குச் சுவர் உள்ளே சாய்கிறது என்று எல்லோரும் நம்பினோம்.

கரோலினுக்கு அது பொறுக்கவில்லை. ஷூ கம்பெனியில் தோலை வெட்டுவதற்கான பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் வரைகிற பெண். 2006 மே மாதம் அதே சர்ச்சில் அவளுக்கும் ஆலனுக்கும் கல்யாணம்.

"ஒரு மாசம் குடுங்க அங்கிள். அளந்து காட்றேன். அப்புறம் இடிங்க" என்றாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவாள். டேப்பின் மறுமுனை ஆலன் கையில். சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாள். ஜன்னல், வளைவு, உத்தரம் எதையும் விடவில்லை. எல்லா அளவையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, நூறில் ஒரு பங்காகச் சுருக்கி, எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சர்ச்சையே எழுப்பினாள்.

கமிட்டிக்குக் காட்டிய அன்று அவள் மானம் போயிற்று. மூலைகளில் சுவர்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளின. கூரை உட்காரவே இல்லை.

"இன்னாம்மா, கம்ப்யூட்டரே இடிக்கச் சொல்லுது!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். திரையையே பார்த்துக்கொண்டிருந்த கரோலின், திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு தானும் சிரித்தாள்.

"ஐயோ, மடிச்சு ஒட்றதுக்கு ஓரம் விட்டுட்டேன் அங்கிள்!"

தோலுக்கு ஓரத்தில் நான்கு மில்லி கூடுதலாக விட்டே பழகிய கை, சுவருக்கும் விட்டிருக்கிறது. அவ்வளவு சுருக்கிய படத்தில் நான்கு மில்லி என்றால் நிஜத்தில் ஒன்றேகால் அடி! சுவரை மடித்து எங்கே ஒட்டுவது?

ஓரத்தைக் கழித்ததும் கூரை சமர்த்தாக உட்கார்ந்தது. பிறகு சர்ச்சைக் குறுக்கே வெட்டினாற்போலக் காட்டினாள். தெற்குச் சுவரின் உட்பக்கம் நேராக நின்றது. கட்டியவர்கள் வெளிப்பக்கத்தை அடியில் தடிமனாக வைத்து, மேலே போகப் போகக் குறைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் நாங்கள் இத்தனை வருஷம் சாய்வு என்று பயந்தோம்.

உண்மையில் கெட்டுப்போனவை கூரையைத் தாங்கும் நான்கு உத்தரங்கள் மட்டும்; மழை ஒழுகியதும் அங்கேதான். அவள் படத்தைப் பார்த்து வேலூரில் அறுத்து வந்த மரங்கள், ஏற்றியதுமே அப்படியே பொருந்தின. எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். படத்தின் சிடியை ஞானஸ்நானப் பதிவேட்டோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

கல்யாணத்தன்று போதகர், "இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது இருந்தால் இப்போதே சொல்லலாம்" என்றார். மணப்பெண் முதற்கொண்டு மொத்த சர்ச்சும் திரும்பி என்னைப் பார்த்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஐயா, நடத்துங்க!" என்று கத்தினேன்.