தரையில் கால் படாமல் மூன்றரை நாள்

நான் முதன்முதலாக ஒருவன் மண்டையை உடைத்தது ஒரு குடம் தண்ணீருக்காக. மண்ணூருக்கு அந்தப் பக்கம், வரிசையாகப் பன்னிரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்த ஒரு காம்பவுண்டில் அப்போது இருந்தேன். அறைக்கு ஆறு பேர். கோவில்பட்டி, சாத்தூர், சங்கரன்கோவில் என்று எல்லாம் தெற்கத்திப் பையன்கள். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் இடங்களில் கான்ட்ராக்ட் வேலை. வீட்டுக்காரர் போட்டிருந்த போர்வெல்லில் வரும் தண்ணீரைக் காலையில் பிடித்து வைத்தால் மத்தியானம் மஞ்சளாகிவிடும். குடிக்க வேண்டுமென்றால் இரண்டு நாளைக்கு ஒரு முறை வரும் டேங்கர் லாரிதான். லாரி வந்து நின்றதும் அடிதடி தொடங்கிவிடும். அன்றைக்கு ஒருவன் என் பிளாஸ்டிக் குடத்தை மிதித்து உடைத்தான். நான் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் குடத்தை எடுத்து அவன் தலையில் இறக்கினேன். ஏழு தையல். அடுத்த வாரம் அவனும் நானும் ஒரே கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஷிஃப்ட்டுக்குப் போனோம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊரில் அதற்காகத் திட்டு வாங்கியவன், இங்கே அதனாலேயே பெரிய ஆளானேன். லாரி வரும் நாளில் என்னை முன்னால் நிறுத்தினால் எங்கள் அறைக் குடங்கள் அத்தனையும் நிரம்பிவிடும். அதற்காக மற்ற ஐந்து பேரும் என் ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்வார்கள். நானும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எதிர் வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். உள்ளூர்க்காரி. புருஷன் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. ஒரு பெண், ஒரு பையன். பெண்ணுக்கு ஏழு வயது இருக்கும், என்னை மாமா என்று கூப்பிட்டுத் தோளில் ஏறிக்கொள்ளும். ஒரு சித்திரை மாதம் லாரி நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தபோது நான் இடித்துத் தள்ளி எங்கள் குடங்களை நிரப்பினேன். அக்காவின் குடம் எனக்குப் பின்னால் இருந்தது. அவள் முறை வரும்போது லாரியில் தண்ணீர் இல்லை. வேறு வழியில்லாமல் போர் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொடுத்திருக்கிறாள். சின்னவனுக்கு வாந்தி, பேதி. இரண்டே நாளில் போய்விட்டான். நான்கு வயதுப் பிள்ளை. தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் காம்பவுண்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காரியம் முடிந்த பிறகு அக்காவே பஞ்சாயத்து ஆட்களிடம் போய்ச் சண்டை பிடித்தாள். ஜனங்கள் பணம் போட்டு மெஷின் வாங்கினால் கரண்ட் கொடுக்கிறோம் என்றார்கள். சுத்திகரிக்கும் மெஷின் வைக்கத் தன் வீட்டுப் பக்கவாட்டு இடத்தைத் தருகிறேன் என்றாள் அவள். இடம் ஆயிற்று, கரண்ட் ஆயிற்று, பணம்தான் இல்லை. காம்பவுண்டு காம்பவுண்டாக நோட்டு எடுத்துக்கொண்டு வசூலுக்குப் போனோம். சம்பளம் வந்ததும் பார்க்கலாம் என்று கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் என் அறையில் இருந்தவன் அந்த யோசனையைச் சொன்னான். சாத்தூர்ப் பக்கத்துக்காரன், பெயிண்ட் லைனில் வேலை, பேச்சே கிடையாது. எங்கள் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து, ஒரு வாரம் சைக்கிளை விட்டு இறங்காமல் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்களே, அந்தக் குழு ஒன்றோடு இரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றியவனாம். அதை அவன் யாரிடமும் சொன்னதே இல்லை.

"அஞ்சு நாளு சுத்துதேன். தரையில கால் படாது. சனம் பாக்க வரும், துட்டு போடும். ஒரே ஒரு சட்டம்தான். கால் ஊனிட்டா ஆட்டம் தோத்துது. போட்ட துட்ட சனத்துக்கிட்டயே திருப்பிக் குடுத்துரணும்" என்றான்.

பிளாட் போட்டு விற்காமல் கிடந்த ஒரு மனையை முள் வெட்டிச் சுத்தம் செய்தோம். நடுவில் ஒரு கம்பம், அதில் ஒலிபெருக்கி. பணம் போட ஒரு நீல நிற டிரம். அவன் ஒரு பழைய பெரிய சைக்கிளில் ஏறினான்.

அதை வித்தை என்று சொல்வார்கள். பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு அது ஒரு மனிதன் தன்னைத்தானே அடித்துக்கொள்வதாகத்தான் தெரிந்தது. சாப்பாடு ஓடும் சைக்கிளிலேயே. குளியலும் அப்படித்தான், நாங்கள் கூடவே ஓடி அவன் தலையில் ஊற்றுவோம். ஒன்றுக்கு வந்தால் இருவர் வேட்டியைப் பிடித்து மறைத்துக்கொண்டு ஓடுவோம். முதல் நாள் ட்யூப்லைட்டை நெஞ்சில் உடைத்துக் காட்டினான், கண்ணாடி குத்தி ரத்தம் வழிந்தது. கூட்டம் விசில் அடித்தது. இரண்டாம் நாள் தொடை உரிந்து, கால் சட்டை சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பாதம் பன்ரொட்டி மாதிரி வீங்கியது. உட்கார்ந்தபடியே வாந்தி எடுத்தான், ஆனாலும் மிதித்தான்.

ஜனம் வந்தது. ஷிஃப்ட் முடிந்த பஸ்கள் மைதானத்து ஓரம் நின்றன. பக்கத்து ஊரான பென்னலூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். லேடீஸ் ஹாஸ்டல் பெண்கள் யூனிஃபார்மோடு வந்து அவன் சட்டையில் ரூபாய் நோட்டைப் பின் குத்திவிட்டு ஓடினார்கள். அக்கா மைக்கில் எதுவும் பேசவில்லை. செத்த பிள்ளையின் போட்டோவை டிரம்முக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

லாரிக்காரருக்கு இது பொறுக்குமா? எங்கள் பக்கத்துக் காம்பவுண்டுகள் எல்லாம் அவரிடம் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரை நம்பித்தான் இருந்தன. இரண்டாம் நாள் சாயங்காலம் அவருடைய ஆட்கள் கூட்டத்தோடு கூட்டமாக வந்து, சுற்றுப்பாதையில் ஆணியைத் தூவிவிட்டுப் போனார்கள். முன் டயர் உஸ்ஸென்று இறங்கியது. அவன் நிற்கவில்லை. ரிம் தரையில் கரகரவென்று அரைபட ஓட்டிக்கொண்டே, "இன்னொரு சைக்கிளக் கொண்டால!" என்று கத்தினான். நான் வேறொரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் ஓடினேன். ஓடுகிற சைக்கிளிலிருந்து ஓடுகிற சைக்கிளுக்குக் காலைப் போட்டு மாறினான். கூட்டம் வாயைப் பிளந்தது.

ஆணி தூவியவர்களை வெட்டுவேன் குத்துவேன் என்று குதித்தேன். அவன் ஒரு சுற்று சுற்றி வந்து என்னிடம் சொன்னான்:

"ஏலே, நான் இறங்குத வரைக்கும் நீ கைய வைக்கக் கூடாது. என்ன நடந்தாலும் சரி. எனக்குச் சத்தியம் பண்ணு."

செய்தேன்.

நான்காம் நாள் உச்சி வெயிலில் நான்கு பேர் இரண்டு பைக்கில் வந்தார்கள். ஒருவன் மைக் ஒயரை அறுத்தான். இரண்டு பேர் நாங்கள் நிழலுக்குப் போட்டிருந்த பந்தலின் கம்பைப் பிடுங்கிக் கூட்டத்தை விரட்டினார்கள். நான்காவது ஆள் பாதை ஓரத்தில் காலை அகட்டி நின்றான். கையில் சைக்கிள் செயின்.

"எறங்குடா டேய்! எங்கேந்தோ பொழைக்க வந்துகினு எங்களுக்கே தண்ணி காட்றியா? எறங்கு!"

என் அறைக்காரன் அவனைத் தாண்டிப் போகும்போது செயின் முதுகில் விழுந்தது. சட்டை கிழிந்தது. அவன் முனகினான், இறங்கவில்லை. சுற்றி வந்தான். திரும்ப அடி. இந்த முறை தோளில். சைக்கிள் ஆடியது, நிமிர்த்தினான். திரும்பச் சுற்றி வந்தான். அடிக்கிறவன் இருக்கும் இடத்துக்கே ஒரு மனிதன் திரும்பத் திரும்பப் போகிறான், வேறு பாதை அவனுக்கு இல்லை. மூன்றாவது அடி காதோரம் பட்டது. ரத்தம் கழுத்தில் இறங்கியது. போகிற போக்கில் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. சைக்கிள் பம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். முதல் அடி செயின்காரன் மணிக்கட்டில். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. இரண்டாவது வாயில். என்னைப் பார்த்துக் கூட்டத்துக்கும் வீரம் வந்தது. கல்லையும் செருப்பையும் வீசினார்கள். மற்ற மூவரும் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சண்டை அதோடு முடிந்துவிட்டது. இதை நான் எத்தனை தடவை யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன். முடிந்துவிட்ட சண்டை அது. அவன் கீழே கிடந்தான். பல் உடைந்து, ஒரு கையைத் தூக்கி, "வாணாண்ணா, வுட்டுடுண்ணா" என்றான். நான் விடவில்லை. முகத்தில் மிதித்தேன். பிறகு பிளாட் எல்லைக்கு நட்டிருந்த கல்லை அசைத்துப் பிடுங்கி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்குத் தண்ணீரும் நினைவில் இல்லை, செத்த பிள்ளையும் நினைவில் இல்லை. நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

பின்னால் சைக்கிள் விழும் சத்தம் கேட்டது. என் அறைக்காரன் இறங்கிவிட்டான். மூன்றரை நாள் தரையைத் தொடாத கால் அவனைத் தாங்கவில்லை. விழுந்தான். முழங்காலாலும் கையாலும் தவழ்ந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"விட்ருல! செத்துருவான்ல! விட்ருல!"

என்னைப் பக்கவாட்டில் சாய்த்தான். கல் செயின்காரனின் தலையை ஒட்டி மண்ணில் புதைந்தது. எல்லோரும் என் அறைக்காரனுடைய காலைப் பார்த்தார்கள்.

மைக் இல்லாததால் அவன் வெறும் குரலில் சொன்னான்: "கால் ஊனிட்டேன். ஆட்டம் தோத்துது. போட்டவங்க அவங்கவங்க துட்ட எடுத்துக்கிடுங்க. ஆனா மொதல்ல இந்த ஆள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கு அதுல எடுக்கணும்."

அக்கா எழுந்து ஓடி வந்தாள். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எம்புள்ள சாவக் கெடந்தப்ப ஒரு ஆட்டோ வர்ல. அவன் பேர்ல சேத்த காச இந்தப் பொறுக்கிக்குச் செலவு பண்றியா? இன்னும் ஒன்ற நாளு! ஒன்ற நாள்தானேடா பாக்கி!" என்று கதறினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். செருப்பைக் கழற்றி என் முகத்தில் அடித்தாள். கை ஓயும் வரை அடித்தாள். நான் நின்றேன். அதுவரை யார் அடித்தும் நான் திருப்பி அடிக்காமல் இருந்ததில்லை.

சிலர் போட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். பலர் எடுக்காமலேயே போனார்கள். மிச்சம் இருந்தது முழுவதும் அந்த ஆளுடைய கைக்கும் தாடைக்கும் போயிற்று. ஒரு காது கேட்காமலே போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். இரண்டு பக்கமும் தப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் என்னை விட்டுவிட்டார்கள். என் அறைக்காரன் ஒரு மாதம் நடக்கவில்லை. வேலை போயிற்று. ஊருக்குப் பஸ் ஏற்றிவிடப் போனபோது, "என்ன எதுக்குல தடுத்த? ஓட்டிக்கிட்டே இருந்திருக்கலாம்லா" என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஒரு ஆளு செத்துக் கெடக்கையில அவனச் சுத்திச் சுத்திச் சைக்கிள் ஓட்டச் சொல்லுதியா?" என்றான்.

அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அடுத்த மாதம் ஹாஸ்டல் பெண்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு அவன் ஓட்டியது மனதை விட்டுப் போகவில்லை. சட்டத்தை மட்டும் தங்களுக்குத் தோதாக மாற்றிக்கொண்டார்கள். ஆள் இறங்கலாம், ஆனால் சைக்கிள் நிற்கக் கூடாது. ஒருத்தி ஷிஃப்ட்டுக்குப் போனால் இன்னொருத்தி ஓடும் சைக்கிளைப் பிடித்து ஏறிக்கொள்வாள். இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். பென்னலூர்ப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வேறு வேறு கம்பெனிகளில் லைனுக்கு லைன் துண்டு விரித்து வசூல் செய்தார்கள். சாத்தூரிலிருந்து அவனும் மணியார்டர் அனுப்பியிருந்தானாம்.

நான் அக்காவிடம் போனேன். "லாரிக்காரன் ஆளுங்க திரும்ப வந்தா யாருக்கா இருக்கா? நான் காவலுக்கு நிக்கிறேன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாணாம்பா. பொம்பளைங்க நாங்க பாத்துக்கினு போறோம். நீ ரூம்லயே இரு" என்றாள்.

பெண்கள் காரியம், ஆம்பளை எதற்கு என்கிறாள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கோபமும் வந்தது. வரட்டும், அடி விழட்டும், அப்போது என்னைத் தேடி ஓடி வருவார்கள் என்று கறுவிக்கொண்டு அறையில் கிடந்தேன். ஐந்து நாள் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. ஒருவரும் அடிக்க வரவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஓட்டம் முடிந்தது, மெஷினுக்குப் பணம் சேர்ந்துவிட்டது என்று அறிவித்தார்கள். காம்பவுண்டே மைதானத்துக்கு ஓடியது. எனக்கும் அடக்க முடியவில்லை. அழுகையும் சிரிப்புமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், பிள்ளை செத்த பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அவள் பெண் பக்கத்தில் நின்றது. எப்போதும் போலத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினேன். பெண் வீறிட்டுக் கத்தியது. அக்கா அதைச் சட்டென்று தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, அடி விழுமோ என்று இன்னொரு கையால் தன் தலையை மறைத்துக்கொண்டாள்.