மேஜர் கொடுத்த மேட்டுத் துண்டு

எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை நான்தான் துலக்குவேன். வேறு யார் துலக்கினாலும் எங்காவது ஒரு கறுப்பு மிஞ்சும். எனக்குத் தூக்கம் வராது. நேற்று பித்தளை மெருகு டின்னைத் திறந்ததும், அந்தக் காரவாசனையோடு மேஜர் நினைவில் வந்து நின்றார்.

மேஜரிடம் எப்போதும் அந்த வாசனைதான். போரில் வாங்கிய பதக்கங்களைத் துலக்கி, கல்யாண வீட்டுக்கும் குத்திக்கொண்டு வருவார். அவர் சண்டை போட்டதை நான் குறை சொல்லவில்லை. ஓய்வுபெற்று வந்து, பல்லேபொலப் பக்கம் குளத்து மதகடியில் வயல் வாங்கி, தன்னை விவசாயி என்று சொல்லிக்கொண்டாரே, அதைத்தான் சொல்கிறேன். அவர் காலில் சேறு பட்டு நான் பார்த்ததில்லை.

அப்போது நான் விவசாய அலுவல் பார்க்கும் கமநல நிலையத்தில் மொழிபெயர்ப்பாளன். அந்த வருஷம் மழை பொய்த்து, குளத்தில் பாதித் தண்ணீர்தான். அப்படியான போகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, பெத்ம என்பார்கள். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது என்பதால், மதகடி வயல்களையே எல்லோரும் பங்கிட்டு விதைப்பார்கள். யாருடைய வயல் என்ற பேச்சு அந்த ஒரு போகத்துக்குக் கிடையாது. எந்தத் துண்டு யாருக்கு என்பதை ஒரு டின்னில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள்.

கூட்டத்தில் மேஜர் எழுந்தார். நாட்டுக்கு ரத்தம் கொடுத்தவன் வயலைக் கொடுக்க மாட்டேனா என்று சிங்களத்தில் முழங்கினார். நான் தமிழில் முழங்கினேன். கைதட்டல் அடங்கியதும் ஒரு சின்ன விண்ணப்பம்: தன் வயலில் எதைக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று தானே காட்டுவாராம். பதக்கங்களைப் பார்த்துவிட்டு மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

அவர் காட்டியது மேட்டுத் துண்டு. அதைக் கொடுக்க அவர் காட்டிய ஆள் கடைமடை ரஹீம் நானா. நானாவின் வீட்டு வருஷச் சோறு முழுவதும் அந்த ஒரு விதைப்பில் இருந்தது.

பயிர் மஞ்சளானபோது நானா வரம்பில் வைத்தே கேட்டார்: "சேர், தண்ணி மேட்டுக்கு ஏறுதில்ல. ஒங்கட மெடல ஒருக்கா காட்டுங்களே, பயந்து ஏறுதான்னு பாப்போம்."

மேஜர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன், நானாவே அதை நல்ல சிங்களத்தில் ஒருமுறை சொன்னார்.

அந்த மேட்டில் பதர்தான் அறுத்தார்கள். நானா பலாபத்வலையில் த்ரீவீல் ஓட்டப் போனார். மேஜர், 'தண்ணீரைப் பங்கிட்ட வீரர்' என்று சுவரெங்கும் ஒட்டி, மாகாண சபைக்குப் போனார். அங்கே அவர் சாதித்தது குளக்கட்டில் தன் பெயர் பொறித்த ஒரு கல்.

அடுத்த வறட்சியில் நான் சீட்டு டின்னை எடுத்து மேசையில் வைத்தேன். மதகடிக்காரர் ஒருவர் சிரித்தார். "அது என்னத்துக்கு தம்பி? மேஜர் மாதிரியே நாங்களும் ஆளுக்கொரு மேட்டக் காட்டுறோம்." கடைமடைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

இப்போது மாகாண சபைக்குத் தேர்தலே இல்லை. மேஜர் வெறும் முன்னாள். போன மாதம் நானாவின் வண்டியில் அந்தப் பக்கம் போனேன். கல் பளபளத்தது.

"ஆள் வெச்சு தொலக்குறாங்க போல," என்றார் நானா. வண்டியை நிறுத்தவில்லை.

மழையில்லாத வருஷம்; மதகடி மட்டும் பச்சை. பெத்ம என்ற சொல் அங்கே யார் வாயிலும் இல்லை. சீட்டுக் குலுக்கிய டின்னில் நிலையத்தார் தேத்தண்ணிக்குச் சீனி போட்டு வைத்திருக்கிறார்கள்.