கேட்டு வாங்க ஆளில்லாத புத்தகங்கள்

பூம்பாறையில் பூண்டு போடுகிற குடும்பம் எங்களுடையது. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனால் படம் போட்ட புத்தகத்தைக் கண்டால் என்னால் தாண்டிப் போக முடியாது. அதிலும் சக்கரம், கைரேகை, ராசி, பட்சி என்று மறைவான சங்கதிகளைப் பேசும் புத்தகங்கள் என்றால் கை தானாக நீளும். அவற்றில் எழுதியிருப்பதை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பவில்லை என்றும் சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியிருந்தவை படங்கள்.

பூண்டு மூட்டைகளைக் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு பழனிக்கு இறங்கும்போதெல்லாம் அடிவாரத்துக் கடைகளில் ஒன்றிரண்டு வாங்குவேன். விபூதிப் பொட்டலங்களுக்கு நடுவே கயிற்றில் தொங்கும் மெல்லிய புத்தகங்கள். மஞ்சள் அட்டை, விரலில் ஒட்டும் மை. ஒன்றில் காலபுருஷன் படம் இருந்தது. தலையில் ஆடு, பாதத்தில் மீன் என்று பன்னிரண்டு ராசிகளையும் உடம்பில் சுமந்து நிற்கும் மனிதன். படத்தை அச்சடித்த கட்டையில் பாதத்திலிருந்து முழங்கால் வரை ஒரு விரிசல் விழுந்திருந்தது. அடுத்த பதிப்பில் அது தொடைக்கு ஏறியிருந்தது. அதற்கடுத்ததில் இடுப்பு. விரிசல் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகவே அந்தப் புத்தகத்தை மூன்று தடவை வாங்கினேன்.

"போன வருசமும் இதத்தான வாங்குனீங்க? பலிக்கலையாண்ணே?" என்றார் கடைக்காரர்.

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பெரிய புத்தகம் கொடைக்கானலில் கிடைத்தது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தது. சாமான்களை எல்லாம் புல்வெளியில் பரப்பி வைத்திருந்தார்கள். நாற்காலி, கண்ணாடிச் சாமான் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. இந்தப் புத்தகத்துக்கு இல்லை. தோல் அட்டை, தாள் விளிம்பெல்லாம் தங்கப் பூச்சு. நான் பூண்டுக் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்த துரைசாணி சமையல்காரரிடம் ஏதோ சொன்னார். கூடை உள்ளே போனது, புத்தகம் என் கைக்கு வந்தது. அதிலும் அதே மனிதன் நின்றான். பழனி ஆளுக்கு மீசை இருந்தது. இவனுக்கு உடம்பெல்லாம் ரோஜா நிறம். நண்டு மட்டும் இருவருக்கும் மார்பில்தான். இங்கிலீஷ் புத்தகம், ஒரு வரிகூட எனக்குப் புரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். மழை பிடித்துக்கொண்ட நாட்களில் வேறு என்ன வேலை?

என் மனைவி தலைப்பிரசவத்துக்கு மன்னவனூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை. அங்கே குளிர் அதிகமென்று கம்பளி எடுத்துப்போக அவளுடைய தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் வயலில் இருந்தேன். கம்பளி இருக்குமென்று நினைத்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, நான் புத்தகங்களை வைத்திருந்த தகரப் பெட்டியைத் திறந்திருக்கிறான். படங்களைக் கண்டதும் கம்பளியைத் தேடாமலே திரும்பிப் போய்விட்டான்.

மூன்றாம் மாதம் அவளையும் குழந்தையையும் அழைத்துவரப் போனேன். மாமியார் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மாப்ள, உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லங்க. ஆனா அந்தப் பெட்டி கெடக்குற வீட்டுக்குப் பச்சப்புள்ளய அனுப்ப மாட்டேன்."

"அதெல்லாம் வெறும் படம் அத்தை."

"வெறும் படத்துக்கு எதுக்கு மாப்ள பூட்டு?"

எலிக்காகத்தான் பூட்டி வைத்தேன். எலி என்ன சாவி போட்டா திறக்கும் என்று கேட்டுவிடுவாரோ என்று அதைச் சொல்லாமல் விட்டேன். குழந்தையைக் கொஞ்ச நேரம் மடியில் தந்தார்கள். பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

எரித்துவிடலாம் என்றுதான் ஊர் திரும்பினேன். அடுப்பில் வைக்க மனம் வராமல் ஊர்ப் பூசாரியிடம் போய்க் கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

"எரிச்சா உள்ள கெடக்குறது வெளிய வந்துரும். ஓடையில விட்டா எல்லார் வயல்லயும் எறங்கும். சும்மா தூக்கிக் குடுத்தா, குடுத்த வீட்டுக்கு ஏவல் விட்ட மாதிரி. ஒரு ஆளு வீடு தேடி வந்து, வாய் தொறந்து கேட்டு வாங்கிட்டுப் போகணும். அதான் வழி."

கேட்காத வரையில் வேறு வழிகளும் இருந்தன. கேட்ட பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது. இனி நான் பெட்டியைத் தொட்டு எது செய்தாலும் ஊருக்குக் கெடுதல் செய்ததாகும்.

என்னிடம் வந்து புத்தகத்தைக் கேளுங்கள் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? கடைக்காரரிடம் மிச்சச் சில்லறை கேட்கவே எனக்கு நாக்கு எழும்பாது. கொடைக்கானலில் ஒரு டீக்கடையில் பக்கத்தில் இருந்தவரிடம், "எங்கிட்ட நல்ல படப் புத்தகம் இருக்கு" என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"சினிமாவா?"

"இல்ல, சக்கரம்…"

அவர் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

இதற்கிடையில் கீழ்த்தெருக்காரர் ஒருவர் எருமையைக் காணோம் என்று என் வீட்டுக்கு வந்து நின்றார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவர் நகரவில்லை. மழைக்குப் பின் புல் எங்கே இருக்கும் என்று யோசித்து, சோலைப் பக்கம் பாருங்கள் என்றேன். எருமை அங்கேதான் நின்றிருந்தது. மறுநாள் வெள்ளனே வாசலில் ஒரு கட்டுப் பூண்டு இருந்தது, பூண்டு விளைவிக்கிறவன் வாசலில். அப்புறம் வயிற்றுவலிக்காரர் வந்தார், மகன் சொல் கேட்கவில்லை என்று ஒரு அம்மா வந்தார். தெரியாது, தெரியாது என்றேன். "உண்மையானவுங்க இப்படித்தான் சொல்லுவாங்க" என்றார்கள். செய்தி மன்னவனூருக்கு என்னைவிட வெரசாகப் போய்ச் சேர்ந்தது.

நான்காம் மாதம் போனது, ஐந்தாம் மாதம் போனது. குழந்தை குப்புற விழுந்தாளாம், சிரித்தாளாம். எல்லாவற்றையும் பஸ்காரர் சொல்லித்தான் கேட்டேன். பெட்டியைத் திறக்கவே வெறுப்பாக இருந்தது. வெளியே போனால் ஆட்கள் ஒதுங்கினார்கள். உள்ளே இருந்தால் கதவைத் தட்டினார்கள்.

ஏழாம் மாதம் ஒரு நாள் மத்தியானம் என் மனைவி வந்தாள். இடுப்பில் குழந்தை, பின்னால் அவள் அம்மா. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"ஏங்க, அந்தப் பெட்டியில இருக்குற பொஸ்தகத்தயெல்லாம் எனக்குக் குடுங்க."

எனக்குப் புரியவில்லை.

"வீடு தேடி வந்து வாய் தொறந்து கேக்குறேன்ல. குடுங்க."

மாமியார் பதறிப்போய், "ஏ கிறுக்கி, என்னாடி செய்யிற?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"இனி அது எஞ்சோலிம்மா. பெத்தவ கையில இருக்குறது புள்ளய என்னா செய்யும்? சொல்லு பாப்போம்."

மாமியார் யோசித்தார். பிடித்த கையை விட்டார். சாவியைக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு குழந்தையோடு படியேறி உள்ளே வந்தாள். மாமியார் மட்டும் என்னைப் பார்த்து, "மாப்ள, இனிமே நீங்க அதத் தொட்டீங்கன்னா திரும்ப உங்களதாயிரும். அப்புறம் நான் புள்ளயத் தூக்கிட்டுப் போயிருவேன்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு வாசலுக்கு வந்தவர்களை அவளே எதிர்கொண்டாள். "அது படம்ங்க. போயி டாக்டரப் பாருங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். நான் நூறு தடவை சொன்னதை அவள் நாலு தடவை சொன்னாள், வருவது நின்றுவிட்டது.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மழை நாளில் அம்மாவும் மகளும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். போன மாதமும் அப்படித்தான். "இந்தாளுக்கு மட்டும் ஏம்மா மீசை?" என்று மகள் கேட்டாள். நான் எதிர்ச் சுவர் ஓரம் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன்.

"அங்கயிருந்து எட்டி எட்டிப் பாக்குறதுக்கு, வாய் தொறந்து கேட்டா என்னவாம்?" என்றாள் மனைவி, சிரித்துக்கொண்டே.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் அடுப்பங்கரையில் இருந்தார். அதைக் கேட்டதும் அங்கே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"எனக்கு எதுக்கு?" என்றேன். மனைவி பக்கத்தைப் புரட்டினாள்.