பாலத்துக்கு வெள்ளையடித்த கதை

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனிலிருந்து டிக்கோயா ரோட்டுக்குப் போக ஒரே ஒரு பாலம்தான். வெள்ளைக்காரன் காலத்து இரும்புச் சட்டம், அதன் மேல் முப்பத்தாறு பலகைகள். வருஷா வருஷம் தை மாதத்தில் அவற்றை எண்ணி நாட்குறிப்பில் எழுதி வைப்பது என் வழக்கம். கடைசியாக எண்ணியபோது முப்பத்தொன்று இருந்தன. மீதி ஐந்தும் ஆற்றோடு போய்விட்டன. இந்தப் பாலத்தில் கிடப்பதைவிட அதுவே பாதுகாப்பு என்று நினைத்திருக்கலாம்.

அந்தப் பாலத்தில் எந்த ஆட்டோவும் ஏறாது. அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகும்வரை எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. முப்பது வருஷம் மலையேறிக் கொழுந்து எடுத்த கால் அது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி செய்ய வேண்டும், விட்டால் முழங்கால் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

லயத்து வீட்டு வாசலிலிருந்து பாலத்தின் அக்கரைக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. பிளாஸ்டிக் கதிரையில் அக்காவை உட்கார வைத்து, முன்னால் பக்கத்து வீட்டுக்காரர், பின்னால் நான் என்று தூக்கிக்கொண்டு போவோம். பாலத்தில் கால் வைத்ததும் அக்கா கண்ணை மூடிக்கொள்வாள்.

"சாமியத் தூக்குறப்பகூட இப்படி ஆட்ட மாட்டீங்கடா!"

ஒரு வியாழக்கிழமை என் கால் ஓட்டைக்குள் இறங்கி, கதிரை சாய்ந்துவிட்டது. அக்கா கம்பியைப் பிடித்துத் தப்பித்தாள். வீடு வந்து சேர்ந்ததும், "இனிமே நான் போகல. மடங்காட்டி மடங்காம போகட்டும். ஆத்துல சாகுறதுக்கு அது மேல்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த இரண்டு வியாழனும் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய பாலங்களையெல்லாம் புதுப்பிக்கப் போகிறார்கள், எங்கள் பாலத்தைப் பார்க்க எஞ்சினியர் வருகிறார் என்று தோட்டத் தலைவர், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அறிவித்தார்.

எங்கள் தோட்டத்துக்கு யார் வந்தாலும் நாங்கள் வெள்ளையடிப்போம். தொரை வந்தாலும் சரி, ஓட்டுக் கேட்டு வந்தாலும் சரி, படிக்கட்டு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை, மரத்தின் அடிப்பாகம் என்று அசையாமல் நிற்கிற எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு. யாரும் உத்தரவு போடுவதில்லை. பெரிய ஆள் வருகிறார் என்றால் கை தானாக வாளியைத் தேடும்.

"வர்ற மனுசன் நம்மளப் பத்தி என்னா நெனைப்பாரு, அண்ணே? அசிங்கமாக் கெடக்கக் கூடாதுல்ல" என்றார் தலைவர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நூல் பிடித்துக் கோடு போட்டுக் கொடுத்தது நான்தான். வேறு யார் செய்தாலும் கோணலாகப் போகும். எஞ்சினியர் ஓட்டைக்குள் விழுந்துவிட்டால் தோட்டத்துக்கு அவமானம் என்று பெட்டிப் பலகையில் ஐந்து துண்டு அறுத்து அடித்தோம். பலகைக்கு நான்கு ஆணி, மொத்தம் இருபது. எல்லாவற்றையும் நானே அடித்தேன். இரண்டு முனையிலும் வாழை மரம் கட்டினோம்.

வாசலில் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டாள், "என்னாடா, பாலத்துக்குக் கல்யாணமா?"

எஞ்சினியர் பத்து இருபதுக்கு வந்தார். மாலை, தேத்தண்ணி, கேக். நடுப்பாலம் வரை நடந்துபோய்க் கம்பியைப் பிடித்தார். ஈரச் சுண்ணாம்பு சட்டைக் கையில் ஒட்டியது. மனுஷர் கோபப்படவில்லை, சிரித்தார். "ஹரி லஸ்ஸனய்" என்றார். ரொம்ப அழகாக இருக்கிறதாம். தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. பலகைக் கணக்கு எழுதிய நாட்குறிப்பு என் பையில்தான் இருந்தது. ஆனால் கழுத்தில் மாலையோடு நிற்கிறவரிடம் குறை சொல்வது மரியாதையா? நான் மரியாதை தெரிந்தவன். பதினொரு நிமிஷத்தில் அவர் போய்விட்டார்.

கடிதம் வந்தது. பாலம் சிறந்த முறையில் பராமரிக்கப்படுகிறது, புதுப்பிக்கும் அவசியம் தற்போது இல்லை, தோட்ட மக்களுக்குப் பாராட்டுகள். தலைவர் அதைப் பெரட்டில் வாசித்தார். பாராட்டு என்ற இடத்தில் சிலர் கை தட்டினார்கள். என் கையும் பாதி தூரம் போய்த் திரும்பியது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "நல்லா அடிச்சீங்க. அந்த வாளியில மிச்சமிருந்தா என் முழங்காலுக்கும் ஒரு பூச்சு பூசிவிடு. பாக்குறவங்க நல்லாருக்குன்னு சொல்லுவாங்க" என்றாள்.

அன்று பிற்பகலே மனு எழுதினேன், தமிழிலும் சிங்களத்திலும். பலகைக் கணக்கையும் பிரதி எடுத்து இணைத்தேன். மூன்று மனுவுக்குப் பிறகு அதே எஞ்சினியர் மறுபடி வருவதாகத் தகவல் வந்தது, ஒரு வியாழக்கிழமை. முதல் நாள் மாலை போய்ப் பார்த்தால் தலைவர் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருக்கிறார்.

"மழையில கழுவிட்டுப் போயிருச்சுண்ணே. லேசா ஒரு கை..."

நான் வாளியைப் பிடுங்கி வந்து அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதைத் தன் கதிரைக்கடியில் வைத்துக்கொண்டாள். கேட்டு வந்தவர்களிடம், "எந்திரிக்க முடியாதுப்பா, கால் சரியில்ல" என்றாள். இருட்டுவதற்குள் நான் இருபது ஆணியையும் பிடுங்கி, ஐந்து பெட்டிப் பலகையையும் எடுத்துவிட்டேன். அடித்தவனுக்குத்தானே தெரியும் எது எங்கே என்று.

மறுநாள் எஞ்சினியர் ரோட்டுப் பக்கம் ஜீப்பை விட்டு இறங்கினார். நாங்கள் இந்தப் பக்கமிருந்து அக்காவைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினோம். பாதியில் நிறுத்தச் சொன்னாள். அன்றைக்குக் கண்ணை மூடவில்லை.

"ஐயாவையும் இங்க வரச் சொல்லு. நல்லாருக்கு, பயப்பட வேணாம்னு சொல்லு."

நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் முதல் பலகையில் ஒரு காலை வைத்தார், ஓட்டை வழியாக ஆற்றைப் பார்த்தார், காலை எடுத்துக்கொண்டார். போன தடவை பலகை இருந்ததே என்று கேட்டார்.

"நீங்கள் வருகிறீர்கள் என்று அடித்தோம், சேர்" என்றேன்.

தன் சட்டைக் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு கரையில் நின்றபடியே நிறைய எழுதினார்.

இப்போது கொங்கிரீட் பாலம் கட்டி முடித்துவிட்டார்கள். ஆனால் திறக்கவில்லை. திறக்க வேண்டியவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லையாம். இரண்டு முனையிலும் கயிறு கட்டியிருக்கிறது. போன வியாழன் அக்கா ஆட்டோவை வாசலுக்கே வரவழைத்துவிட்டாள். கயிற்றை நான் அவிழ்த்தேன். தலைவர் வாளியோடு ஓடி வந்தார்.

"அக்கா, இன்னும் தெறக்கலக்கா!"

"நீ வெள்ளையடி. நான் போயிட்டு வந்துர்றேன்."

வாசலிலிருந்து ரோட்டுக்கு ஒரு நிமிஷம் பத்து செக்கன். கதிரையில் பதினான்கு நிமிஷம் எடுத்த தூரம்.

திரும்பி வரும்போது பாலத்தின் இடப்பக்கம் முழுக்க வெள்ளை. கோடு படு கோணல். நான் ஆட்டோக்காரரை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நூலத் தேடாத. நேரா வீட்டு வாசலுக்குப் போகட்டும்."