நிதீஷின் சட்டைகள்

கோட்டைமேட்டில் ரம்லா வீட்டு ஹாலில் ஆள் உட்கார இடம் கிடையாது. ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதையாக, சுவருக்குச் சுவர், பஞ்சு வைத்துப் போர்வை தைக்கிற குயில்டிங் மெஷின் நிற்கிறது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் உருளையில் இழுத்துக் கட்டி, கைப்பிடியைப் பிடித்து ரம்லா அதை நகர்த்துவாள். பூவும் கொடியுமாய்த் தையல் ஓடும். கணவர் அப்துல் வஹீதுக்கு அடுப்படியில்தான் சாப்பாடு. தட்டில் கை வைக்குமுன், "ஹால்ல இருக்கற முதலாளி சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்.

ரம்லாவுக்கு ஒரு பிடிவாதம். எந்தத் துணி வந்தாலும் முதலில் துவைத்துவிடுவாள். அப்படியே தைத்தால் பிறகு சுருங்கும், சாயம் இறங்கும், பேர் கெடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பெருந்துறையிலிருந்து பூவாத்தாள் ஒரு மஞ்சப்பையை இறுகக் கட்டி எடுத்துவந்தாள். உள்ளே அவள் மகன் நிதீஷின் சட்டைகள். பைக் விபத்தில் போன ஒரே பிள்ளை.

"போத்திக்கிட்டுப் படுக்கறாப்பல ஒண்ணு தெச்சுக் குடுங்க அம்மணி," என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டாள்.

"எம் புள்ளைக்குத் தைக்கற மாதிரி தைக்கறேன்க்கா," என்றாள் ரம்லா.

அப்படித்தான் தைத்தாள். சட்டைகளை ஊறவைத்து, கழுத்துப்பட்டை அழுக்குப் போகத் தேய்த்துத் தேய்த்து அலசினாள். காய்ந்ததும் கட்டம் கட்டமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, போர்வையாக்கினாள்.

வாங்க வந்த பூவாத்தாள், போர்வையில் முகத்தைப் புதைத்தாள். ஒரு கட்டத்தை முகர்ந்தாள். அடுத்ததை முகர்ந்தாள். ஓரம்வரை போய்விட்டு நிமிர்ந்தாள்.

"துவைச்சுப்போட்டீங்களா அம்மணி?"

"நல்லா துவைச்சேன்க்கா," என்றாள் ரம்லா பெருமையாக.

"அவன் கழட்டிப் போட்டதை அப்படியே வெச்சிருந்தனுங்க. அவன் வேர்வை வாசம் இருந்துச்சு. அழுக்குத் துணிய அடுத்தவங்க ஊட்டுல குடுக்கறமேன்னு வெக்கப்பட்டுட்டுச் சொல்லாம உட்டுட்டனுங்க. எம் மேலதானுங்க தப்பு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ரம்லா தாங்கியிருப்பாள். பூவாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வாசல்வரை போன பூவாத்தாள் சட்டென்று திரும்பினாள்.

"ஏனுங்க அம்மணி, அந்த மஞ்சப்பை இருக்குதுங்களா? அதுக்குள்ளதானுங்க சட்டையெல்லாம் இத்தன நாளும் கெடந்துச்சு."

அந்த முகத்தில் வந்த ஆசையை ரம்லாவால் பார்க்க முடியவில்லை. பை மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதையும் துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து வைத்திருந்தாள்.