தமிழுக்கு இரண்டை அழுத்தவும்

குரங்கு செய்த வேலை அது. எங்கள் கூரையில் இருக்கும் டிஷ்ஷைப் பிடித்துத் தொங்கி, அதை ஹந்தானை மலைப் பக்கம் திருப்பிவிட்டுப் போய்விட்டது. கண்டியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது புதினமில்லை. கொய்யாக்காய் போகும், ஓடு போகும், டிஷ்ஷும் போகும். டிவியில் நீலத் திரையும் ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பும் மட்டும் மிஞ்சின.

எனக்கு டிவி அவசியமா என்று கேட்டால், இல்லை. பார்த்தவர் என் கணவர். அவர் இறந்த பிறகு நான் அதைப் போட்டு வைத்தேனே தவிரப் பார்க்கவில்லை. பின்னேரம் ஆறு மணிக்குச் செய்திச் சத்தம் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சத்தம் ஓடினால் நான் தேங்காய் துருவுவேன், சோறு வடிப்பேன், சாப்பிடுவேன். சத்தம் நின்ற அன்று குசினியில் போய் நின்றேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அவர் போன நாளிலிருந்து நான் அழவும் இல்லை. சொந்தக்காரர்கள் “தைரியமான பொம்பள” என்று பேசிக்கொண்டார்கள். தைரியமாவது மண்ணாவது. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது எனக்கு. கிள்ளிப் பார்த்தாலும் அது யாருடைய கன்னமோ என்றுதான் இருக்கும்.

அவர் பார்த்தது எல்லாம் தமிழ்நாட்டுச் செய்தி. நாங்கள் இரண்டு பேரும் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்கள்; இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. பிறப்புச் சான்றிதழில் மட்டும் ‘இந்தியத் தமிழர்’ என்று இருக்கிறது. ஆனாலும் சென்னையில் கனமழை என்று செய்தியில் சொன்னால் மனிதர் எழுந்து போய்க் கொடியில் காயும் துணியை எல்லாம் எடுத்து உள்ளே போடுவார்.

“ஏங்க, மழை அங்கங்க. இங்க வெயில் மண்டையப் பொளக்குது” என்பேன்.

“வரும், வரும்” என்பார்.

சில நாள் வரவும் செய்யும். கண்டியில் மழை வருவதற்குச் சென்னையைக் கேட்க வேண்டுமா என்ன? ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியாது, அவ்வளவு பெருமை.

அந்த டிவி, லண்டனில் இருக்கும் எங்கள் மகள் இங்குள்ள கடை ஒன்றில் சொல்லி அனுப்பியது. சுவரில் மாட்டிவிட்டுக் கடைக்காரர்கள் போனதும், அது எங்களிடம் எந்த மொழி என்று கேட்டது. தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை, தமிழ் மலேசியா, தமிழ் சிங்கப்பூர் என்று வரிசையாகக் காட்டியது. அவர் ரிமோட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

“நாம இதுல எது புள்ள?”

“ஏதாவது ஒன்ன அமுக்குங்க. தேத்தண்ணி ஆறுது.”

“அப்புடி ஏதாவது ஒன்னுன்னு விட ஏலுமா? குடியுரிமைக்கு நம்ம அப்பன் ஆத்தா பட்ட பாடு போதும். இதுலயாச்சும் நேரா போவோம்” என்று சொல்லி இலங்கையை அழுத்தினார். உடனே டிவி, இந்த மொழியில் பேசித் தேடும் வசதி இல்லை என்று அறிவித்தது. இந்தியாவுக்கு மாற்றினால் வாயால் சொல்லலாம். மாற்றவே மாட்டேன் என்றார். கடைசி வரைக்கும் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாகத்தான் தேடினார்.

மகள் இதைக் கேட்டு ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்தாள். “என்னையும் இங்க இதத்தாம்ப்பா கேக்கிறாங்க” என்றாள். வெள்ளைக்காரர்கள் அவளை இந்தியாவா என்று கேட்கிறார்களாம். மரக்கறிக் கடை வைத்திருக்கும் மதுரைக்காரர் சிலோன் பொண்ணு என்கிறாராம். யாழ்ப்பாணத்துத் தோழியின் அம்மா, “நீங்கள் இந்தியன் ஆக்களோ?” என்று மெதுவாக விசாரித்தாராம். “நீ என்ன சொல்ற?” என்று கேட்டேன். “யாரு கேக்கிறாங்களோ அவங்களுக்கு ஏத்த மாதிரி ஒன்னு சொல்லிட்டு, வெண்டிக்காய வாங்கிட்டு வந்துருவேன்” என்றாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

ஏனென்றால் நானும் அப்படித்தான். கண்டியில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்த நிறுவனத்துக்கு ஃபோன் எடுத்தாலும் சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று என்று ஒரு குரல் சொல்லும். நான் யோசிக்காமல் ஒன்றை அழுத்துவேன். உடனே ஆள் வரும், வேலை முடியும். அவர் தமிழ்ப் பாடசாலை வாத்தியார், இரண்டைத்தான் அழுத்துவார். இரண்டை அழுத்தினால் பாட்டு வரும். அவர் ஃபோனைச் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடுவார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால் அதே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

“ஒன்ன அமுக்கித் தொலைங்களேன். உங்களுக்கென்ன சிங்களம் தெரியாதா?” என்று கத்துவேன்.

“லைன்ல ஆள் நின்னாத்தானே கவுண்டரத் தெறந்து வைப்பாங்க. எல்லாரும் ஒன்ன அமுக்குனா, ரெண்ட எடுத்துருவாங்க புள்ள.”

இந்த மனிதரிடம் பேசி வெல்ல முடியாது என்று எழுந்து போய்விடுவேன்.

அவர் இறந்ததை டாக்டர் எனக்குச் சிங்களத்தில்தான் சொன்னார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நானும் சிங்களத்தில் கேட்டேன். பிறகு கிராம சேவகர், பதிவாளர், வங்கி, பென்ஷன் கந்தோர் என்று போன இடமெல்லாம் ‘மஹத்தயா நெதி வுணா’ என்றேன். ஐயா காலமாகிவிட்டார் என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வது. வீட்டு விலாசம் சொல்வது போல வந்தது வாயில். எங்கள் ஆட்களுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னது அவருடைய தம்பி. மகளுக்கும் அவர்தான் சொன்னார். புருஷனை இழந்தவளைச் சொல்ல வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டே வந்தார்கள்.

டிஷ்ஷைத் திருப்ப ஆள் கேட்டு ஃபோன் எடுத்தபோதும் ஒன்றைத்தான் அழுத்தினேன். லைனில் ஒரு பையன் வந்தான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பேசினால்தான் ஆள் அனுப்பலாம் என்றான். வழக்கமான வசனத்தைச் சொன்னேன். “அனே, கணகாட்டுய் மேடம்” என்று வருத்தத்தைத் தெரிவித்துவிட்டு, அதே மூச்சில் டிஷ் எந்த நிறம் என்று கேட்டான். பெயரை மாற்றிவிட்டுத்தான் ஆள் அனுப்ப முடியுமாம். அதற்கு அவர்களே திரும்ப எடுப்பார்களாம். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

மறுநாள் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. ஒரு பெண் குரல். யாழ்ப்பாணத் தமிழ்.

“வணக்கம் அம்மா. ஐயாவோட ஒருக்காக் கதைக்கலாமோ?”

“நேத்தே எல்லாம் சொன்னேனே” என்றேன்.

“இங்க ஒண்டும் பதியேல்லை அம்மா. ஐயா தன்னோட தமிழிலதான் கதைக்கவேணும் எண்டு போட்டு வச்சிருக்கிறார். அதுதான் எனக்கு வந்தது. ஐயா நிக்கிறாரோ?”

நான் வாயைத் திறந்தேன். வழக்கமான வசனம் இருந்தது. ஆனால் அதை இந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. அதற்குத் தமிழில் ஒரு வசனம் வேண்டும். அதை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேசையின் அந்தப் பக்கம், அவர் ஃபோனை வைத்துக்கொண்டு சாப்பிடும் இடம் காலியாக இருந்தது.

“அவரு செத்துப் போயிட்டாரு புள்ள” என்றேன்.

சொன்னது நான்தான். ஆனால் அந்தச் செய்தியை எனக்கே யாரோ அப்போதுதான் கொண்டு வந்தது போல இருந்தது. கத்தியைக் கீழே வைத்தேன். பிறகு அழுதேன். மூக்கொழுக, வாய் கோணி, வெட்கமில்லாமல் அழுதேன். அந்தப் பெண் ஃபோனை வைக்கவில்லை. பாட்டும் போடவில்லை.

“ஆறுதலாக் கதையுங்கோ அம்மா. நான் லைன்லதான் நிக்கிறன்” என்றாள். சொன்னபடியே நின்றாள்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு, இணைப்பை என் பெயருக்கு மாற்றினாள். நாளைக்கே ஆள் வரும் என்றாள். கடைசியாக, தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டாள்.

“உங்களோட எந்த மொழியில கதைக்கிறது எண்டு போடவேணும் அம்மா. சிங்களம் எண்டால் கெதியா ஆள் வரும். தமிழுக்குக் கொஞ்சம் காத்திருக்கோணும்.”

“தமிழே போடு” என்றேன். “நான் நிக்கிறேன்.”

மறுநாள் ஆள் வந்து, கூரையில் ஏறி, டிஷ்ஷைத் திருப்பிவிட்டுப் போனார். ஆறு மணிக்கு டிவியைப் போட்டேன். அன்று உட்கார்ந்து பார்த்தேன். சென்னையில் கனமழை என்றார்கள். முழங்கால் தண்ணீரில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நான் எழுந்து வெளியே போனேன். ஹந்தானையில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கொடியில் காய்ந்த துணியை எல்லாம் எடுத்து உள்ளே போட்டேன்.